மேட்டூரில் கதவு திறந்தால் குத்தாலத்தில் கடைவீதி சிரிக்கும்!

"குத்தாலத்துக்குப் போகிறேன்" என்று வெளியூரில் சொல்லிப் பாருங்கள். "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" என்றுதான் பலரும் கேட்பார்கள்.

இந்தக் குத்தாலத்தில் அருவி இல்லை. மலையும் இல்லை. அருவி இருப்பது தென்காசி பக்கத்தில் உள்ள குற்றாலம். எழுதும்போது வேறுபாடு தெரியும். பேச்சிலோ இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும்!

இது, மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே காவிரிக் கரையில் உள்ள சின்ன ஊர். முன்பு தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

மாவட்டம் மாறியது. ஆனால் ஊர் எதிர்பார்த்துக் கிடக்கும் பொருள் மட்டும் மாறவில்லை. அது, தண்ணீர்!

சொன்ன சொல் தவறாதவர்

ஊரின் பழைய பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால், ஆற்றின் நடுவே உள்ள திட்டு. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது.

கோவிலில் இறைவனுக்கு உக்தவேதீசுவரர் என்று பெயர். அழகிய தமிழ்ப் பெயரும் உண்டு. "சொன்னவாறு அறிவார்" என்பது அது.

அம்பிகை, பரத முனிவரின் மகளாக இங்கே வளர்ந்தாள் என்றும், இறைவன் சொன்ன சொல் தவறாமல் வந்து மணந்தார் என்றும் தல புராணம் கூறுகிறது. இங்குள்ள தல மரம் உத்தாலம். அந்தப் பெயரே நாளடைவில் குத்தாலம் ஆயிற்று என்பார்கள்.

இறைவன் சொன்னபடி வந்தார். காவிரி சொன்ன நாளில் வருவாளா? ஆண்டுதோறும் ஊரார் மனதில் எழும் கேள்வி இதுதான்.

ஜூன் 12

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்மட்டத்தின் முழு உயரம் 120 அடி. பாசனத்துக்காக அதன் கதவுகளைத் திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12.

அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாட்கள் ஆகும். அங்கிருந்து குத்தாலத்துக்கு வர இன்னும் பல நாட்கள் பிடிக்கும். வழியில் எத்தனையோ வாய்க்கால்கள். எத்தனையோ வயல்கள். மேட்டூருக்கும் குத்தாலத்துக்கும் இடையே ஆற்று வழியாக இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தூரம்!

ஜூன் பிறந்துவிட்டால் டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது.

"அண்ணே, மேட்டூரில் இன்னிக்கு எத்தனை அடி?"

சின்னப் பையனைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான்.

தண்ணீர் நேரத்தில் வந்தால் குறுவை நெல் உண்டு. அது நான்கு மாதத்துக்குள் விளைந்துவிடும் பயிர். தாமதமானால் குறுவை போயிற்று. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர் எப்படியோ நட்டுவிடுவார். இல்லாதவர் வயல் தரிசாய்க் கிடக்கும்.

2012-ல் கதவு திறந்தது செப்டம்பர் 17. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. எட்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 2020-ல்தான் மீண்டும் ஜூன் 12 அன்று திறந்தார்கள். 2022-ல் அதிசயமாக மே 24-லேயே திறந்தது. 2024-ல் மறுபடியும் தாமதம். ஜூலை 28 ஆகிவிட்டது.

இட்லிக்குக் கடப்பா

வயலுக்கும் கடைவீதிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

நாற்று நட்டால் பெண்கள் கையில் கூலி. கூலி கிடைத்தால் மளிகைக் கடையில் பாக்கி தீரும். துணிக்கடையில் ஆள் ஏறும். பலகாரக் கடையில் இன்னும் ஓர் ஈடு இட்லி வேகும்.

இந்த வட்டாரத்து இட்லிக்குத் தனித் துணை ஒன்று உண்டு. அது கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பச்சைமிளகாய், சோம்பு, பொட்டுக்கடலை அரைத்து ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிவதும் உண்டு. சாம்பாரும் அல்ல, குருமாவும் அல்ல. தஞ்சை, கும்பகோணம் பக்கத்துக்கே உரிய பண்டம்!

பரிமாறும் வாழை இலைக்குப் பஞ்சம் இல்லை. ஆற்றுப் படுகையில் வாழை செழிக்கிறது. பலகாரம் முடிந்ததும், நுரை ததும்பக் காப்பி.

நெல் ஊரில் பஞ்சு மூட்டை

இனி ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். நெல்லுக்குப் பெயர்போன இந்த ஊருக்குக் கோடைக் காலத்தில் பஞ்சு மூட்டைகள் வரிசையாக வருகின்றன! நெல் அறுத்த வயலில் பலர் பருத்தி போடுகிறார்கள்.

மூட்டைகள் அரசு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் செல்கின்றன. அங்கே நடப்பது மறைமுக ஏலம். வியாபாரிகள் பஞ்சை அள்ளிப் பார்ப்பார்கள். இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதிக விலை எழுதியவருக்குப் பஞ்சு.

அந்த நேரத்தில் மழை கொட்டினால் பஞ்சு நனையும். விலை இறங்கும். ஆகவே பருத்தி போட்டவர், "மழையே, சற்றுப் பொறு" என்பார். குறுவைக்கு நாற்று விட்டவரோ, "தண்ணீரே, சீக்கிரம் வா" என்பார். பல வீடுகளில் இந்த இருவரும் ஒருவரே!

சாலையே களம்

குறுவை அறுவடைக்கு வரும்போது ஐப்பசி மழையும் வந்துவிடும். அப்போது தார்ச்சாலையின் ஒரு பாதி, நெல் காயும் களம் ஆகிவிடும். பெண்கள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடப்பார்கள். வண்டிகள் ஒதுங்கிப் போகும்.

வெளியூர்க்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஈரம் மிஞ்சினால் மூட்டை எடைத் தராசில் ஏறாது. நான்கு மாத உழைப்பு, அந்த ஒரு நாள் வெயிலை நம்பிக் காத்திருக்கிறது!

பதினெட்டாம் பெருக்கு

ஆடி 18 அன்று படித்துறையில் கூட்டம் நெரியும். காப்பரிசி, காதோலை, கருகமணி வைத்துப் பெண்கள் காவிரியை வணங்குவார்கள். ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். பிறகு, புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் தயிர்ச்சோறும் கரையிலேயே பகிர்ந்து உண்பார்கள்.

ஆறு வறண்ட ஆண்டிலும் காவிரிக் கரைப் பெண்கள் பூசையை விடுவது இல்லை. குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தாவது கும்பிடுகிறார்கள்.

ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் காட்சியோ தனி அழகு. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, மணலை நனைத்தபடி, மெதுவாக ஊர்ந்து வரும். கரையில் நிற்பவர்கள் பூவும் நெல்லும் தூவிக் கும்பிடுவார்கள்.

மறுநாள் காலை, வயலில் உழவு தொடங்கிவிடும்.