2 கிலோவைக் கரைத்த கயிறு!

ஒத்தக்கடை:
"கயிறு தாண்டுறது பொம்பளைப் பிள்ளைங்க விளையாட்டு" என்று கேலி பேசும் வாலிபர்கள் ஒத்தக்கடையிலும் உண்டு. அவர்கள் மேரி கோம் கதையைக் கேட்க வேண்டும்.

மணிப்பூரைச் சேர்ந்த குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம். 2018-ம் ஆண்டு செப்டம்பரில் போலந்து நாட்டில் நடந்த போட்டிக்குப் போனார். அப்போதே அவர் 3 பிள்ளைகளுக்குத் தாய்.

அவர் மோத வேண்டியது 48 கிலோ பிரிவு. போய் இறங்கும்போது அதிகாலை 3 மணி தாண்டிவிட்டது. காலை 7½ மணிக்கு எடை பார்ப்பார்கள். உடம்பிலோ 2 கிலோ கூடுதல்!

எடை கூடினால் அவ்வளவுதான். கையுறை மாட்டாமலே ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேரி கோம் அசரவில்லை. கயிற்றை எடுத்தார். தாண்டினார், தாண்டினார், ஒரு மணி நேரம் விடாமல் தாண்டினார். தராசில் ஏறினார். எடை சரி! அந்தப் போட்டியில் தங்கப் பதக்கமும் அவருக்கே.

கரைந்தது என்ன?

அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 2 கிலோ கொழுப்பு கரையுமா? கரையாது. போனது வேர்வை. நாலு டம்ளர் தண்ணீர் குடித்தால் பாதி திரும்பி வந்துவிடும். தொந்தி வைத்த குமாஸ்தாக்கள் ஏமாற வேண்டாம்!

தண்ணீர் வற்றினால் தலை சுற்றும், மயக்கம் வரும். பழகாத பையன்கள் இதைப் பார்த்துக் காப்பியடித்தால் ஆஸ்பத்திரிதான். மேரி கோமுக்கு அது வருஷக்கணக்காகப் பழகிய கால்.

அதுவும் எப்போதும் பலிக்காது. 2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். எடை கூடியதால் விடிய விடியத் தூங்காமல் வேர்வை சிந்தினார். தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். காலையில் 100 கிராம் கூடுதல். போட்டியை விட்டே நீக்கிவிட்டார்கள்.

காலுக்குத்தான் கயிறு

குத்துச்சண்டைக்காரர்கள் தினமும் கயிறு தாண்டுவது எடைக்காக மட்டும் இல்லை. காலுக்காக.

குதிகாலை ஊன்றி நிற்பவன் அடி வாங்குவான். முன்பாதத்தில் நிற்பவன் 'சட்'டென்று விலகுவான். கயிறு தாண்டும்போது முன்பாதம் தானாகப் பழகிவிடும். மூச்சும் நிலைக்கும், மணிக்கட்டும் உரம் ஏறும்.

1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் கையுறை மாட்டி ஆடிக் காட்டினாரே முகமது அலி, அவர் காலாட்டத்துக்கு உலகமே அடிமை. அவரும் பயிற்சியில் கயிறு தாண்டியவர்தான்.

ஒலிம்பிக்கில் ஒரு சுற்று 3 நிமிடம், நடுவே 1 நிமிடம் ஓய்வு. பயிற்சியிலும் அதே கணக்கில்தான் தாண்டுவார்கள். புதுசாக ஆரம்பிப்பவர் ஒரு நிமிடம் தாண்டினாலே நாக்கு தள்ளிவிடும். மெள்ளத்தான் கூட்ட வேண்டும்.

கயிற்றின் நடுவை மிதித்துக்கொண்டு இரு முனையையும் தூக்கினால், கைப்பிடி அக்குள் வரை வரணும். அதுதான் அளவு. தவ்வுவது ஒரு அங்குலம் போதும். உயரத் தவ்வினால் முழங்கால் போகும்.

சிமெண்டுத் தரை வேண்டாம். மண் தரைதான் நல்லது. யானைமலை அடிவாரத்தில் மண்ணுக்கா பஞ்சம்?