சுவரில் மண் கோடா? உடனே துடைக்காதீர்கள்!

மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. பணம் புரட்ட வேண்டும். வீட்டுப் பத்திரத்தை எடுக்க அப்பா சுவர் அலமாரியைத் திறக்கிறார். மேல் தட்டில், மஞ்சள் துணியில் சுற்றிய கட்டு வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. பிரிக்கிறார். உள்ளே பத்திரம் இல்லை. மண்தான் இருக்கிறது!

பூட்டு உடையவில்லை. திருடன் வரவில்லை. சுவர் வழியாகக் கறையான் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

பதிவு செய்த பத்திரத்துக்காவது சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். பக்கத்தில் இருந்த தாத்தா படத்துக்கு எங்கே போவது?

சுவரைத் தின்னுமா?

செங்கல்லையும் சிமெண்டையும் கறையான் தின்பதில்லை. அதற்கு வேண்டியது மரம், காகிதம், துணி. சுவர் அதற்கு வழி மட்டுமே. தரையும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள கீறல், தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டை, இவை போதும். மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சுவருக்குள்ளேயே பாதை போட்டுக்கொள்ளும்.

பார்த்தால் எறும்பு போலத் தெரிகிறது. ஆனால் கறையான் எறும்பு இனம் அல்ல. கரப்பான் பூச்சிக்குத்தான் அது நெருங்கிய உறவு! அதன் உடம்பு மிகவும் மென்மையானது. வெளிக்காற்று பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால் மண்ணை எச்சிலில் குழைத்து, மூடிய பாதை கட்டிக்கொண்டு அதற்குள் போய் வருகிறது. சுவரில் பென்சில் கனத்தில் ஏறும் மண் கோடு அந்தப் பாதைதான்.

அதைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? துடைப்பத்தால் தட்டிவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். அந்த நேரத்தில் பாதையில் இருந்த வேலைக்காரக் கறையான்கள் சாகும். அவ்வளவுதான். வீட்டில் தீப்பிடிக்கும் பயம் வேறு!

ராணி எங்கே?

கறையானின் கூடு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அங்கே விரல் நீளத்துக்கு ஊதிப்போன ஒரு ராணி, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நம் ஊரில் புற்றுக் கட்டும் கறையான், தின்ற மரத்தைக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் காளான் வளர்க்கிறது. மழைக்குப் பின் நாம் பறிக்கும் புற்றுக் காளான் அந்தத் தோட்டத்து விளைச்சல்தான். தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்த கோனிக் என்பவர் தஞ்சைப் பகுதிக் கறையான்களை ஆராய்ந்து 1779-ல் ஜெர்மன் மொழியில் கட்டுரையே எழுதினார்.

ராணி அங்கே இருக்கும்வரை, கோட்டைத் துடைத்தால் வேறு இடத்தில் புதிய கோடு வரும். வழி காட்டும் அடையாளமும் நம் கையைவிட்டுப் போய்விடும். எனவே முதலில் கோடு எங்கே தொடங்குகிறது என்று கீழ் நோக்கிப் பாருங்கள். அது தரையைத் தொடும் இடத்தில் சாக்கட்டியால் குறியிடுங்கள். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்து விடுங்கள். இரண்டு மூன்று நாளில் அது அடைபட்டிருந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறது!

ஈசல் சொல்லும் சேதி

மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல், சிறகு முளைத்த கறையான்தான். சன்னல் வழியாக வந்தால் பயம் இல்லை. வீட்டுத் தரையிலிருந்தோ சுவர்க் கீறலிலிருந்தோ கிளம்பினால், கூடு அருகில் இருக்கிறது என்று அர்த்தம்.

கதவு நிலையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே அரித்துவிட்டது. மேலே பூசிய வர்ணம் மட்டும் மிஞ்சியிருக்கும். மாவு போலத் தூள் கொட்டினால் அது பெரும்பாலும் வண்டின் வேலை. அதற்கு வைத்தியம் வேறு.

மருந்து எங்கே போக வேண்டும்?

மருந்து சுவரடி மண்ணுக்குப் போக வேண்டும். தரையும் சுவரும் சேரும் இடத்தில், ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போடுகிறார்கள். துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துத் தண்ணீரைச் செலுத்தி, சிமெண்டால் அடைக்கிறார்கள். முன்பு ஆல்ட்ரின் என்ற மருந்தை ஊற்றினார்கள். அது மண்ணில் ஆண்டுக் கணக்கில் அழியாமல் கிடந்து கெடுதல் செய்வதால் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. யாராவது பழைய டப்பாவை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இப்போது இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகள் உள்ளன. அதுவும் விஷம்தான். பழகிய ஆளை வைத்தே செய்ய வேண்டும். வீட்டை ஒட்டிக் கிணறு இருந்தால் அவரிடம் முன்பே சொல்லுங்கள். வேலை நடக்கும்போது குழந்தைகளும் சமையல் பாத்திரங்களும் அங்கே இருக்கக்கூடாது.

ஒழுகும் குழாயைச் சரி செய்யுங்கள். ஈரம் கறையானுக்குக் கொண்டாட்டம். விறகைச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். அலமாரியையும் பெட்டியையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அப்போதுதான் பின்னால் கோடு ஏறினால் கண்ணில் படும்.

அரித்த நிலையைக் கழற்றிப் புதிய நிலை வைக்கப் பலர் அவசரப்படுகிறார்கள். மண்ணுக்கு மருந்து போட்ட பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள். மரம் வாங்கும்போது தேக்கு என்றாலும் வெளிர் நிறமான ஓரப் பகுதி இல்லாமல் பார்த்து வாங்குங்கள். தேக்கின் நடு வைரத்தைத்தான் கறையான் எளிதில் தொடாது. ஓரத்தை விடாது.