கூரைச் சூடும் பலகை விலையும்



பங்குனி பிறந்துவிட்டால் நம் திருவண்ணாமலையில் தகர ஷீட் போட்ட கிடங்குக்குள் நின்று மூட்டை எண்ண முடிவதில்லை. வெல்லம் இளகுகிறது, நெய் உருகுகிறது, பருப்பில் வண்டு சீக்கிரம் பெருகுகிறது. கூரைக்கு அடியில் ஜிப்சம் போர்டு அடித்து, அதன்மேல் கிளாஸ் வுல் அல்லது தெர்மோகோல் பரப்பினால் சூடு இறங்காது என்று சொல்பவர்கள் பலர். விலை கேட்டால் ஆளுக்கு ஒரு விலை. மாதத்துக்கு ஒரு விலை. இந்த விலை எதனால் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் நாம் ஏமாறாமல் வாங்க முடியும்.

பொரி மூட்டைக் கணக்கு

கார்த்திகை தீபத்துக்குப் பொரி கொள்முதல் செய்யும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சர்க்கரை மூட்டைக்கு லாரி வாடகை எடையில் விழும். பொரிக்கு இடத்தில் விழும். வெயில் தடுப்புச் சரக்கும் பொரியைப் போன்றதே. சுமார் 1,000 கன அடி கொள்ளும் லாரியில் சாதாரண தெர்மோகோலை நிரப்பினால் எடை அரை டன்னைக்கூட எட்டாது. வாடகையோ முழு லாரிக்கு. ஜிப்சம் போர்டின் கதை வேறு. 6 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்று சுமார் 18 கிலோ. எடை மிகுதி, மூலை உடையும், நனைந்தால் வீண். ஆகவே டீசல் விலை ஏறினால் இரண்டும் ஏறும். சென்னையில் கேட்ட விலையை இங்கே எதிர்பார்ப்பதும் தவறு.

கல்லும் நெருப்பும்

ஜிப்சம் என்பது மண்ணில் கிடைக்கும் கல். நம் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது ராஜஸ்தானில். தமிழ்நாட்டில் திருச்சி, பெரம்பலூர் வட்டாரத்திலும் உண்டு. ஓமன் போன்ற நாடுகளிலிருந்து கப்பலிலும் வருகிறது. இதற்கு முதல் போட்டியாளர் சிமெண்ட் ஆலை. சிமெண்ட் உடனே இறுகிவிடாமலிருக்க ஆலைகள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஜிப்சம் சேர்த்து அரைக்கின்றன. இந்தக் கல்லைச் சுமார் 150 டிகிரியில் வறுத்து நீரை வெளியேற்றி, மறுபடி நீர் சேர்த்துக் குழைத்து, இரு காகிதத் தாள்களுக்கு நடுவே ஊற்றி, உலர்த்தினால் போர்டு. வறுக்கவும் உலர்த்தவும் எரிபொருள் வேண்டும். கிளாஸ் வுல்லுக்கோ கண்ணாடியையே உருக்க வேண்டும். ஆக, எரிபொருள் விலையும் காகித விலையும் போர்டு விலைக்குள் ஒளிந்திருக்கின்றன.

உரத் தொழிற்சாலையிலும் ஜிப்சம் கழிவாகக் கிடைக்கிறது. ஒரு டன் பாஸ்பாரிக் அமிலம் தயாரித்தால் ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம் மிஞ்சும். அந்தக் கழிவில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்த பெரிய பலகைகளைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-ல் இரண்டடுக்கு மாதிரிக் கட்டடமே கட்டிக் காட்டினார்கள். கழிவு மலிவுதான், ஆனால் சுத்தம் செய்து, வறுத்து, பலகையாக்கி, லாரியில் ஏற்றுவதற்குள் அந்த மலிவு கரைகிறது.

கடல் கடந்த காரணம்

தெர்மோகோலுக்கு மூலப்பொருள் ஸ்டைரீன். கச்சா எண்ணெய் வழியில் வரும் இதை நம் நாடு பெருமளவு இறக்குமதிதான் செய்து வந்திருக்கிறது. டாலர் ஏறினால் தெர்மோகோலும் ஏறும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் குளிரால் இரசாயன ஆலைகள் நின்றபோது, உலகச் சந்தையில் பிளாஸ்டிக் மூலப்பொருள்களின் விலை எகிறியது. போர்டைத் தாங்கும் ஜி.ஐ. சட்டமோ இரும்பு விலையோடு போகும்.

நாம் செய்ய வேண்டியது

முதலில், சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். போர்டு, சட்டம், கிளாஸ் வுல், லாரி வாடகை, இறக்குக்கூலி, வேலைக்கூலி, வரி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எது ஏறியது, எதை ஏற்றிச் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, போர்டு மட்டும் போட்டால் சூடு பெரிதாகக் குறையாது. சூட்டைத் தடுப்பது அதன்மேல் பரப்பும் சரக்குதான். போர்டுக்குப் பணம் கொடுத்து, அதை விட்டுவிட்டால் அழகு மட்டுமே மிஞ்சும்.

மூன்றாவது, மளிகைக் கடைக்கு எலி பெரிய எதிரி. மூடிய கூரை இடுக்கு எலிக்கு வீடு. தெர்மோகோலை அது கடித்துத் துளைக்கும். தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும் என்பதால் மின்கம்பி அருகில் வைக்கவே கூடாது. கூரை ஒழுகினால் போர்டு ஊறித் தொங்கும். ஆகவே ஒழுக்கை அடைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

நான்காவது, கட்டடத்தோடு சேர்த்து மூலதனமாகக் கணக்கெழுதும் கட்டுமான வேலைக்குக் கொடுத்த ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதை அசல் செலவாகவே கணக்கிடுங்கள். ஐயமிருந்தால் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பெரிய செலவுக்கு முன் சிறிய செலவைப் பாருங்கள். ஒட்டுக் கட்டடமானால் மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, தகரக் கூரையானால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது, சூடு வெளியேற வழி வைப்பது ஆகியவற்றை முதலில் செய்து பார்க்கலாம். அப்படியும் போதவில்லை என்றால், எல்லோரும் ஓடுகிற சித்திரையில் ஓடாமல், தை, மாசியிலேயே வேலையை முடித்துவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் அதே வேலை இருந்தால் இருவருமாக ஒரே லாரியில் சரக்கு இறக்குங்கள். பொரி வாங்கும்போது லாரி வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். பலகைக்கும் அதுவே வழி.