குவாதலூப்பில் கார் எடுக்கிறீர்களா? ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும் சேர்த்து விரியுங்கள்

கரீபியக் கடலில் சொந்தமாகக் கார் ஓட்டிச் சுற்றத் தோதான தீவு எது என்று கேட்டால், நான் குவாதலூப் என்றுதான் சொல்வேன். வரைபடத்தில் வண்ணத்துப்பூச்சியின் விரித்த இறக்கைகள்போல இரண்டு நிலத்துண்டுகள். மேற்கே பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவிகள். கிழக்கே கிராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறை, கரும்பு வயல், வெள்ளை மணல். நடுவில் ரிவியேர் சலே என்ற குறுகிய உப்புநீர்க் கால்வாய், அதைக் கடக்க இரண்டு பாலங்கள். காலையில் காட்டில் இருந்துவிட்டு மாலையில் எதிர்க்கோடிக் கடல்முனைக்குப் போய்விடலாம். பேருந்தும் ஓடுகிறது. ஆனால் மாலை இருட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் அதை நம்பிக் கிளம்ப முடியாது. அதனால்தான் எல்லோரும் கார் எடுக்கிறார்கள்.

சிக்கலும் அந்தக் காரில்தான் தொடங்குகிறது. இந்தத் தீவில் பார்க்கத் தகுந்த இடங்கள் எவையோ, வாடகை ஒப்பந்தத்தின் பாதுகாப்பு கைவிடும் இடங்களும் பெரும்பாலும் அவையே. மண்பாதை, பெருக்கெடுத்த ஓடை, காவலில்லாத வண்டி நிறுத்தம், பக்கத்துத் தீவுக்குப் போகும் படகு என்று வரிசையாகச் சொல்லலாம். வழியைத் திட்டமிடும்போதே ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

முதலில் நுழைவு. 1946 முதல் குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம். நாணயம் யூரோ, சட்டம் பிரெஞ்சுச் சட்டம். பாரிஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒர்லியிலிருந்து கிளம்பும் நீண்ட உள்நாட்டுப் பயணம்போலத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சென்னையிலிருந்து போகிறவர் கதை வேறு. பிரான்ஸ்தானே என்று ஷெங்கன் விசாவை மட்டும் நம்பிப் போகக் கூடாது. இந்தத் தீவு ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. விண்ணப்பிக்கும்போதே குவாதலூப்புக்குச் செல்லுபடியாகும் விசா வேண்டும் என்று கேட்க வேண்டும். பாரிஸில் இறங்கித் தங்கிப் போவதானால் அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது லைசென்ஸ். இந்திய லைசென்ஸோடு, நம் ஊர் ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும். அது தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் நிறைய. செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி யாரையாவது இடித்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குப் பணம் தரும்; பிறகு அந்தத் தொகையை ஓட்டியவரிடம் திருப்பிக் கேட்க அதற்கு வழியிருக்கிறது. ஒப்பந்தத்தில் பெயர் எழுதாத ஒருவர், ‘கொஞ்ச தூரம் நான் ஓட்டுகிறேனே’ என்று ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் கார் சேதத்துக்கான பாதுகாப்பு பறிபோகும். கணவன், மனைவி இருவரும் ஓட்டுவதானால் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். நேர்ச்சாலையில் பழகிவிடும், ரவுண்டானாவில்தான் பழைய பழக்கம் தலைகாட்டும்.

கவுன்ட்டரில் நடப்பது

விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்து, குழந்தை அழ, வரிசையில் நிற்கும் நேரம்தான் நாம் மிகப் பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடும் நேரம். முன்பணமாக ஒரு தொகையைக் கிரெடிட் கார்டில் நிறுத்திவைப்பார்கள். கார்டு முதன்மை ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும்; டெபிட் கார்டைப் பல ஏஜென்சிகள் ஏற்பதில்லை. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி புதிய இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ஊரில் இருக்கும்போதே அதை இயக்கி, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். நிறுத்திவைத்த தொகை செலவுக் கணக்கில் வராது. ஆனால் விடுவிக்கும்வரை உங்கள் வரம்பைத் தின்றுகொண்டிருக்கும்.

காப்பீட்டில் இரண்டு பகுதியைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் மற்றவர்க்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு பிரெஞ்சுச் சட்டப்படி கட்டாயம். அது வாடகையிலேயே அடக்கம், அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாடகைக் காருக்கே சேதம் வந்தால், குறிப்பிட்ட தொகைவரை உங்கள் பொறுப்பு. பிரெஞ்சு ஒப்பந்தத்தில் அதன் பெயர் ஃபிரான்ஷீஸ். அதைக் குறைக்க நாள்கணக்கில் கூடுதல் கட்டணம் கட்டச் சொல்லி வற்புறுத்துவார்கள். கட்டலாமா? காடும் மலையும் சுற்றப்போகிறவர் கட்டுவது நல்லது. கோசியே கடற்கரையில் தங்கி இரண்டு முறை வெளியே போகிறவருக்கு அவசியமில்லை என்பது என் கணிப்பு. கட்டினாலும் டயர், ரிம், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலான ஒப்பந்தங்களில் விலக்கு. மண்பாதையில் கல் அடிப்பது சரியாக இவற்றின்மேல்தான். ‘அடிப்பாகத்துக்குப் பாதுகாப்பு உண்டா?’ என்று நேராகக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. காரை எடுக்கும்போதே அதன் நிலையைக் குறித்து இருதரப்பும் கையெழுத்திடும் தாள் ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால், காரை நல்ல நிலையில்தான் பெற்றீர்கள் என்று பிரெஞ்சுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய கீறல் உங்களுடையதல்ல என்று நிரூபிப்பது உங்கள் சுமையாகிவிடும். ஆகவே இருட்டானாலும் மழையானாலும், கிளம்புமுன் கைபேசியில் சுற்றிலும் வீடியோ எடுங்கள்: பம்பர், ரிம், டயர், டிக்கிக்குள் ஸ்டெப்னி, கிலோமீட்டர், பெட்ரோல் அளவு. குறிக்காத கீறலை ஊழியரிடம் காட்டித் தாளில் எழுத வையுங்கள். ‘அதெல்லாம் பரவாயில்லை சார்’ என்ற வாய்வார்த்தைக்குப் பிறகு மதிப்பில்லை.

எந்த வழியில் என்ன ஆபத்து

பாஸ்-தேரின் குறுக்கே ஓடும் டி23 சாலைதான் பலரின் முதல் நாள். தேசியப் பூங்காவின் நடுவே, மாமெல் மலைக் கணவாயைத் தாண்டி மேற்குக் கரையில் இறங்கும். வழியில் எக்ரெவிஸ் அருவி. சாலையிலிருந்து சில நிமிட நடை என்பதால் கூட்டம் மொய்க்கும். கூட்டம் மொய்க்கும் வண்டி நிறுத்தங்களில் கண்ணாடியை உடைத்துப் பையை எடுப்பவர்களும் இருப்பார்கள். கார் காப்பீடு காரைத்தான் காக்கும், உள்ளே இருந்த லேப்டாப்பை அல்ல. அதற்குப் பயணக் காப்பீடு வேண்டும். டிக்கியில் பெட்டியை மறைப்பதானால் அதைத் தங்குமிடத்திலேயே செய்யுங்கள். வந்து இறங்கி எல்லோரும் பார்க்க மறைப்பது விளம்பரம். பாஸ்போர்ட் ஓட்டல் லாக்கரில் இருக்கட்டும். திருட்டு நடந்தால் இரண்டு வேலை நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஏஜென்சிகள் இன்னும் குறுகிய கெடு வைப்பதுண்டு. ஊர்ப்புறத்தில் ஜென்டார்மெரி, நகரத்தில் காவல் நிலையம்: புகார் கொடுத்த ரசீதை வாங்காமல் வராதீர்கள். காரே திருடுபோனால் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் பாதுகாப்பு இல்லை.

மேற்குக் கரையில் என்2 சாலை மாலாந்தூர், புவாந்த்-நுவார், தெஷே என்று கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். அழகில் இதற்கு ஈடில்லை. வேகம் காட்டும் இடமும் இதுவல்ல. ஆண்டு முழுவதும் மாலை ஆறையொட்டிச் சூரியன் மறைந்துவிடும். வெளிச்சமில்லாத வளைவுகளில் விளக்கில்லாத ஸ்கூட்டர்களும் நடந்து போகிறவர்களும் எதிர்ப்படுவார்கள். இருட்டுமுன் தங்குமிடம் சேரும்படி நாளைக் குறையுங்கள்.

தென்கிழக்கே என்1 சாலையில் கப்பெஸ்தேர்-பெல்-ஓ. பனைக் குடும்ப மரங்கள் இருபுறமும் அணிவகுக்கும் துமனுவார் நிழற்சாலையும் சாங்ஜி கோவிலின் கோபுரமும் இங்கேதான். 1854 டிசம்பரில் ஓரெலியேன் என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவில் இறக்கியது. தொடர்ந்து வந்தவர்களில் தமிழர்கள் பெருந்தொகை. அவர்கள் வாரிசுகளுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் மறுக்கப்பட்டபோது இந்த ஊரைச் சேர்ந்த ஆன்ரி சிதம்பரம் வழக்காடினார். 1923இல்தான் வெற்றி கிடைத்தது. கோவிலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அந்தப் பெயரையும் தெரிந்துகொண்டு போகலாம்.

கப்பெஸ்தேரிலிருந்து மேலே கார்பே அருவிகள். மலையுச்சியில் பெய்யும் மழை உங்கள் தலைமேல் ஒரு சொட்டும் விழாமலே ஓடையைச் சில நிமிடங்களில் பெருக்கிவிடும். 2022 செப்டம்பரில் ஃபியோனா புயலின்போது இந்தப் பக்கம் சாலைகளும் வீடுகளும் அடித்துச் செல்லப்பட்டன. தண்ணீர் ஓடும் சாலையில் காரை இறக்கி எஞ்சின் போனால், அதை ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஏஜென்சி கைகழுவும். வானிலை எச்சரிக்கையைப் பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தேயோ-பிரான்ஸ் நிறங்களால் சொல்கிறது: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, புயலென்றால் ஊதா. ஆரஞ்சிலேயே அருவித் திட்டத்தைக் கைவிடுங்கள். ஊதாவில் வெளியே வரவே கூடாது. புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. விமானமும் காரும் ஒரே விற்பனையாளரிடம் தொகுப்பாக ஐரோப்பாவில் வாங்கியவர், சேருமிடத்தில் தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழல் பயணத்தைப் பாதிக்குமானால், புறப்படுமுன் கட்டணமின்றி ரத்து செய்து முழுப் பணம் பெறலாம். தனித்தனியாக வாங்கியவருக்கு இந்த உரிமை கிடையாது. மலிவு பார்த்துப் பிரித்து வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

கிராந்த்-தேரில் பிப்ரவரியிலிருந்து சில மாதம் கரும்பு அறுவடை. லெ மூல் ஆலைக்குப் போகும் பாரவண்டிகளை அவசரப்பட்டு முந்தாதீர்கள். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தின் கீழ் மழைக்குக்கூட ஒதுங்க வேண்டாம். அது மான்சினீல் மரம்; அதில் பட்டு வடியும் நீர் தோலைக் கொப்புளிக்க வைத்துவிடும். மரி-கலாந்த் தீவுக்குக் காரைப் படகில் ஏற்றுவதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுக்கின்றன; அங்கே போய் வேறு வண்டி எடுப்பதே வழி.

மோதிவிட்டால்

அடிபட்டவர் இருந்தால் முதலில் 15 அல்லது 112, காவல்துறைக்கு 17. வெறும் தகரச் சேதம் என்றால் காரில் இருக்கும் விபத்து அறிக்கைப் படிவத்தை இரு ஓட்டுநரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். ஐரோப்பாவின் எல்லா மொழிகளிலும் இந்தப் படிவத்தின் அமைப்பு ஒன்றே. ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக் கட்டம் கட்டமாகப் புரிந்துகொள்ளலாம். புரியாத எதிலும் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்ட பின் அதை மறுப்பது மிகக் கடினம். காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர ஐந்து வேலை நாள் கெடு. ஏஜென்சிக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.

பிரான்சில் 1985 ஜூலை 5ஆம் தேதிச் சட்டம் (பதேந்தேர் சட்டம் என்பார்கள்) அடிபட்ட பாதசாரி, சைக்கிள்காரர், பயணி ஆகியோருக்கு வலுவான பாதுகாப்பு தருகிறது. காயமடைந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் எட்டு மாதத்துக்குள் இழப்பீட்டைச் சொல்லியாக வேண்டும். இடித்தவர் ஓடிவிட்டாலோ காப்பீடே இல்லாதவர் என்றாலோ, அதற்கென்றே ஓர் உத்தரவாத நிதி இருக்கிறது. இதில் விடுபடுபவர் ஒருவர்: தவறு செய்த ஓட்டுநர். பின்சீட்டில் இருந்த மாமியாருக்கு இழப்பீடு உண்டு. தவறாக ஓட்டிக் கையை முறித்துக்கொண்ட மருமகனுக்கு, ஓட்டுநர் காப்பீடு தனியாக எடுத்திருந்தால் ஒழிய, கிடையாது. கவுன்ட்டரில் நான் விட்டுவிடக் கூடாதென்று சொல்லும் கூடுதல் காப்பீடு இது ஒன்றுதான்.

திரும்பிய பிறகு

காரை ஊழியர் முன்னிலையில் ஒப்படைத்து, சேதமில்லை என்று எழுதி வாங்குங்கள். ஏஜென்சி மூடிய பின் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், அவர்கள் பார்க்கும்வரை பொறுப்பு உங்களுடையது என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. பெட்ரோலை முழுதாக நிரப்பித் திருப்புங்கள்; விலையை அரசு நிர்ணயிப்பதால் மலிவான பங்க் தேடி அலைய வேண்டாம்.

சில வாரம் கழித்துக் கார்டில் புதுப் பிடித்தம் தெரியலாம். வேகக் கேமராவில் சிக்கியிருந்தால், ஓட்டியவர் பெயரை அதிகாரிகளிடம் கொடுத்ததற்கு ஏஜென்சி எடுக்கும் கட்டணம் ஒன்று. அபராதம் தனியாக அஞ்சலில் வரும். அதைக் கட்டவோ எதிர்க்கவோ பொதுவாக 45 நாள் கெடு. கீறலுக்குப் பணம் எடுத்திருந்தால் ஒப்படைத்த தாள், படம், பழுதுச் செலவு மதிப்பீடு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், அந்த ஏஜென்சி சேர்ந்துள்ள நுகர்வோர் சமரசரிடம் போகலாம். நுகர்வோருக்கு அது இலவசம். பிரெஞ்சு அரசின் சிக்னல்-கோன்சோ தளத்திலும் புகார் பதியலாம். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் ஐரோப்பிய உரிமை, தேதி குறித்து எடுக்கும் வாடகைக் காருக்குப் பொருந்தாது. அதை வைத்து வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து போனவருக்கு கார்டில் எடுத்த பணத்தைத் திருப்பக் கோரி வங்கியிடம் எழுத்தில் கொடுக்கும் சார்ஜ்பேக் முறையீடுதான் கைக்கெட்டிய ஆயுதம். அதற்கும் கெடு உண்டு. பிடித்தம் தெரிந்த வாரமே கொடுங்கள். இந்தியப் பயணத் தளம் வழியாகப் பதிவு செய்திருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 1915 உதவி எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள். இதற்கெல்லாம் முதல் சாட்சி அந்த வீடியோதான், ஆகையால் கைபேசியில் இடமில்லை என்று அதை அழித்துவிடாமல் ஓராண்டாவது வைத்திருங்கள்.