காசநோய்க் கண்காணிப்பில் எண்ணும் பொருளும்: விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளை முன்வைத்து

முன்னுரை

காசநோய் காற்றின்வழிப் பரவுகிறது. கிருமி தொற்றியவர் அனைவரும் நோயுறுவதில்லை. நோயுறுவோரிடமும் அது வெளிப்பட மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஆகவே, பரவலை அது நிகழும்போதே காண இயலாது. பதிவேட்டில் ஏறும் நோயாளர் எண்ணிக்கையைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. அவ்வெண்ணிக்கையை எவ்வாறு பொருள்கொள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அறிவிக்கை முறை

இந்தியாவில் 2012 மே மாதம் முதல் காசநோய் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும். தனியார் மருத்துவர்களும் தாம் கண்டறியும் நோயாளரை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். 2018 மார்ச் மாத அரசிதழ் அறிவிக்கை, காசநோய் மருந்து விற்கும் மருந்தகங்களையும் இக்கடமைக்கு உட்படுத்தியது. இவ்விவரங்கள் ‘நிக்ஷய்’ என்னும் இணையவழிப் பதிவேட்டில் சேர்கின்றன.

எண்ணின் எல்லைகள்

முதலாவது, இடம். விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் புதுச்சேரி ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. இப்பகுதி மக்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுவது போலவே, திண்டிவனம் சாலையில் கோரிமேட்டில் அமைந்த ஜிப்மரையும் நாடுகின்றனர். நோய் கண்டறியப்பட்ட இடம் ஒன்றாகவும் நோயாளர் வாழிடம் வேறொன்றாகவும் அமையும்போது, வாழிடத்தைக் கொண்டு கணக்கிட்டால்தான் பரவல் புலப்படும்.

இரண்டாவது, பரிசோதனை அளவு. நடமாடும் ஊடுகதிர் ஊர்தி சென்ற சிற்றூரில் எண்ணிக்கை உயர்வது நோய் பெருகியதாலன்று, தேடல் பெருகியதாலும் ஆகலாம். பரிசோதனையே நிகழாத ஊரில் நோயாளர் இல்லை எனப் பதிவேடு காட்டும். அது நலத்தின் சான்றாகாது.

மூன்றாவது, மருத்துவமனைக்கு வாராதோர். 2019–2021 தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், அறிகுறி இருந்தோருள் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடியிருக்கவில்லை. கண்டறியப்பட்ட நோயாளருள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர், ஊடுகதிர்ப் படம் எடுக்காவிடில் தவறியிருப்பர். எனவே, இருமலை மட்டும் வினவும் கண்காணிப்பு போதாது.

பதிவிலிருந்து செயலுக்கு

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. காசநோய் இறப்புகளுள் பெரும்பாலானவை சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நிகழ்வதே இதன் அடிப்படை. நோய் உறுதியானவுடன் உடல் நிறைக் குறியீட்டெண், கால்வீக்கம், மூச்சு வீதம், குருதி உயிர்வளி அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகிய ஐந்தும் சுகாதாரப் பணியாளரால் சோதிக்கப்படுகின்றன. நிலை கடுமையாக இருப்போர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். இங்குப் பதிவு, கணக்காக மட்டும் நில்லாமல் அன்றைய மருத்துவ முடிவாகிறது.

முடிவுரை

அறிவிக்கை எண், நோயின் அளவன்று. கண்காணிப்பு எட்டிய அளவேயாகும். பரிசோதிக்கப்பட்டோர் தொகை, வாழிடம், இறப்பு ஆகிய மூன்றையும் உடன்வைத்துப் படிக்கும்போதே அது பரவலை உணர்த்தும். எண்ணிக்கை குறைந்த வட்டாரத்தை வெற்றியெனக் கொள்ளுமுன், அங்கு எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என வினவுதல் ஆய்வாளர் கடமையாகும்.