முடிக்கு அயர்ன் போடுறீங்களா... ஒரு நிமிஷம்!

காலைல அரை மணி நேரம் செலவழிச்சு ஸ்ட்ரெய்ட் பண்ணின முடி, சிறுசேரி சிப்காட் வாசல்ல பஸ்ஸை விட்டு இறங்குறதுக்குள்ள தேங்காய் நார் மாதிரி புஸ்ஸுனு நிக்குதா? டென்ஷன் ஆகாதீங்க ஃப்ரெண்ட்ஸ், எல்லாம் கெமிஸ்ட்ரி பண்ற வேலை!

முடிங்கறது கெரட்டின் என்ற புரதம். அதோட வளைவைப் பிடிச்சு வெச்சிருக்கறதுல ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சூடு பட்டா அது விட்டுப்போகும், முடி நேராகும். ஈரம் பட்டா பழையபடி ஒட்டிக்கும். நமக்குக் கிழக்கே கடல், பக்கத்துலயே முட்டுக்காடு. காத்துல ஈரத்துக்குக் கேக்கணுமா? அதனால மறுநாளும் அயர்ன்... அங்கதான் வினை. சூடு 200 டிகிரியைத் தாண்டினா புரதமே சிதையும். ஈர முடியில வெச்சா இன்னும் மோசம். உள்ளே இருக்கற தண்ணி ஆவியாகி, முடிக்குள்ளயே குமிழ் கட்டும். அந்த இடத்துல முடி படக்குனு ஒடியும். ‘சுர்ர்’னு சத்தம் வந்தா உடனே எடுத்துடுங்க!

ப்ளேஸ்மென்ட் சீசன்ல எங்க ஹாஸ்டல் பிளக் பாயின்ட்டுக்கு க்யூவே நிக்கும். அதனால எங்க ரூம் கேர்ள்ஸ் ஆளுக்கு ஒண்ணா ஒரு மாசம் டெஸ்ட் பண்ணினோம்.

விலை அதிகமான ஹேர் மாஸ்க், முதல் நாள் பட்டு மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவை குளிச்சதும் பழைய கதை! காரணம் சிம்பிள். தலையை விட்டு வெளிய வந்த முடிக்கு உயிர் கிடையாது; காயம் ஆறுற மாதிரி அது ஆறாது. லேபிள்ல ‘ரிப்பேர்’னு போட்டிருந்தாலும், பெரும்பாலும் நடக்கறது மேல்பூச்சுதான். சீரமும் அதே ரகம். ஆனா நுனியில ரெண்டு சொட்டு தடவினா சிக்கு விழல, அதுக்கு ஓகே. சீயக்காய்? எண்ணெய்த் தலைக்கு சூப்பர். வறண்ட முடியில சொரசொரன்னு சிக்குதான் மிச்சம்.

ஜெயிச்சது நம்ம தேங்காய் எண்ணெய்! குளிக்கறதுக்கு முன்னாடி தடவினா, முடியிலிருந்து புரதம் வெளியேறுறது குறையுதுன்னு 2003-ல மும்பை மாரிகோ ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தப் பலன் இல்லையாம். (பாராசூட் தயாரிக்கற கம்பெனிதான் மாரிகோ, அதையும் மனசுல வெச்சுக்கோங்க!)

புதுசா எதை ட்ரை பண்ணினாலும் பாட்டில் வாங்காம சாஷேல ஆரம்பிங்க. ஷாம்பூவை சாஷேல அடைச்சு வித்த முன்னோடி நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல ‘சிக்’ ஷாம்பூவோட கிளம்பினவர். பாக்கெட் மணி காப்பாத்தின குடும்பம்!

லாரி தண்ணி, போர் தண்ணியில உப்பு ஜாஸ்தின்னா, கடைசி ஒரு மக் மட்டும் குடிதண்ணில அலசுங்க. வித்தியாசம் கையிலயே தெரியும்.

பார்லர் ‘ஸ்மூத்தனிங்’ ஆசை இருக்கா? கிரீம்ல ஃபார்மால்டிஹைட் இருக்கான்னு முதல்ல கேளுங்க. சூடு படும்போது அது வாயுவா வெளிய வரும். கண்ணு எரியும், புற்றுநோய் அபாயமும் உண்டு. முடியை நேராக்கற கெமிக்கல்களை அடிக்கடி போட்டவங்களுக்கு கர்ப்பப்பை புற்றுநோய் கூடுதலா வந்திருக்குன்னு 2022-ல ஒரு அமெரிக்க ஆய்வு சொல்லுச்சு. கெமிக்கல்தான் காரணம்னு அது நிரூபிக்கல. ஆனா சும்மா ஒதுக்கற விஷயமும் இல்ல.

ஏற்கெனவே பொசுங்கின நுனிக்கு ஒரே வழி கத்தரிதான். முடி மாசத்துக்கு சுமார் 1 செ.மீ. வளரும். எங்க ரூம்ல ரெண்டு பேர் வெட்டியாச்சு. மூணாவது ஆள் மட்டும், “இன்டர்வியூ முடியட்டும்டி”ங்கறா!