இருக்கும்போதே திருத்திவிடுங்கள்

ராணுவத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவன் நான். முன்னாள் படைவீரர் வீடுகளுக்குப் போனால் முதலில், ஓய்வுபெறும்போது படையில் தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத்தான் கேட்பேன். அண்மையில் பார்த்த ஒன்றில் மனைவி பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'மகாலட்சுமி'. அவருடைய பிறந்த தேதியும் எழுதப்படவில்லை. கணவர் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. அவர் காலமானபின் குடும்ப ஓய்வூதியம் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கும்.

திருத்தம் கேட்டு அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. விண்ணப்பத்தில் படை எண்ணும் பதவியும் தெளிவாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார் ஆகியவற்றின் நகல்களையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். ரெக்கார்டு ஆபீஸ் 'பார்ட் டூ ஆர்டர்' வெளியிட்டால்தான் பதிவு மாறும். ஓய்வூதிய ஆணையிலும் ஸ்பர்ஷ் ஓய்வூதிய இணையதளத்திலும் அதே திருத்தம் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

படைவீரர் தம் கையால் கையெழுத்துப் போட முடிகிற காலத்திலேயே இதை முடித்துவிடுங்கள். நாளைக்கு அந்த அம்மா தனியாக அலுவலகம் அலுவலகமாக அலையக் கூடாது.